ஆள் வராமலே மூன்று வெற்றிகள்

குத்துச்சண்டைப் பயிற்றுவிப்பாளர்களாகப் புதிதாகப் பெயர் பதிந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையில் நிறுத்த எனக்கு வராது. முப்பத்தொரு வருடம் கண்டி நகரத்தில், குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய பண்டகசாலையில், சத்தம் போட்டே சீவித்தவன் நான். அந்தப் பண்டகசாலைக்குள் ஒரு ரிங், நாலு மணல் பைகள், உட்கார இரண்டு மர வாங்குகள், உடைந்த கதிரை ஒன்று. அதைத்தான் நாங்கள் ஹோல் என்போம். இப்போது அக்குறணையில் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு பேரப்பிள்ளைகளிடம் சத்தம் போடுகிறேன். அவர்கள் கேட்பதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

இடது கையை எப்படி நீட்டுவது, காலை எங்கே வைப்பது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது. இப்போது உங்கள் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வேலை ஒன்று உண்டு. ஒருவன் ஒரு சண்டையை முடித்து இறங்கிய பிறகு அடுத்ததாக யாரோடு அவனை ஏற்றுவது என்று தீர்மானிக்கும் வேலை. கல்யாணம் பேசுவதைவிட இது கஷ்டம். அங்கே இரண்டு பேரும் அடித்துக்கொள்வது பிறகுதான்.

சின்ன எடைக்காரர்களுக்கு ஆள் தேடுவது சுலபம். ஐம்பத்தொரு கிலோவில் கண்டியில் மட்டும் ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஹெவிவெயிட் என்றால் பஞ்சம். நம்முடைய சாப்பாட்டுக்கு அப்படி ஓர் உடம்பு அமைவதே அபூர்வம். அமைந்தாலும் அந்த உடம்புக்காரர் புடவைக்கடையில் முதலாளியாக உட்கார்ந்து இருப்பாரே தவிர ரிங்கின் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். அதனால்தான் மருதமுத்து ஹோலின் வாசலில் குனிந்து நுழைந்த அன்று நான் விசிலைக் கீழே போட்டுவிட்டேன்.

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கர் ஒரு கடிதம் கொடுத்து அவனை அனுப்பியிருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி ஏற்றும் வேலை. இருபத்துநாலு வயது, ஆறடிக்கு மேல் உயரம், தொண்ணூற்றெட்டுக் கிலோ. குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் மெதுவாக வரும்.

“பெரிய கிளாக்கர் பார்த்துட்டு வரச் சொன்னாருங்க. இங்க என்ன செய்யணும்?” என்று கேட்டான்.

ஒன்பது மாதம் பழக்கினேன். முதல் சண்டை கண்டியிலேயே நடந்த புதுமுகங்கள் போட்டியில், கட்டுகஸ்தோட்டையில் பேக்கரியில் பாண் போடும் ஒருவரோடு. மருதமுத்து அடித்தான் என்பதைவிடத் தள்ளினான் என்பதே பொருத்தம். அவனுடைய கைகளின் நீளத்தைத் தாண்டி அந்த மனிதரால் உள்ளே வரவே முடியவில்லை. இரண்டாம் சுற்றின் முடிவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். புள்ளிகளில் எங்களுக்கு வெற்றி.

அதற்குப் பிறகுதான் நான் சொல்லவந்த கூத்து ஆரம்பமாகிறது. அது வடக்கில் யுத்தம் கடுமையாக நடந்த காலம். நாட்டில் இருந்த ஹெவிவெயிட்காரர்கள் அநேகமாக எல்லோரும் படையில் இருந்தவர்கள். போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பார்கள். போட்டி நாள் வரும்போது அவர்களுடைய பிரிவு வடக்கே போயிருக்கும். ஆள் வராவிட்டால் வந்தவனுக்கு வெற்றி. அதற்கு வோக்கோவர் என்று பெயர்.

அப்போது அதற்கென்று ஒரு சடங்கே இருந்தது. வந்தவன் முழு உடுப்போடு, கையுறை கட்டி, ரிங்கில் ஏறி நிற்க வேண்டும். வராதவனின் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று தரம் கூப்பிடுவார்கள். மணி அடிப்பார்கள். மூன்று நிமிடம் எல்லோரும் காத்திருப்போம். பிறகு நடுவர் வந்து நம்முடைய ஆளின் கையைத் தூக்குவார், சனம் கைதட்டும். மருதமுத்து அந்த மூன்று நிமிடமும் எதிர் மூலையில் இருக்கும் வெறும் ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நிற்பான். கை தூக்கியதும் அந்த ஸ்டூலுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்குவான்.

இப்படி மூன்று போட்டிகள், மூன்று வெற்றிகள். கூப்பிட்ட நேரத்தில் அந்த மனிதர்கள் எந்தப் பதுங்குகுழிக்குள் இருந்தார்களோ என்று நான் ஒருதரம்கூட யோசிக்கவில்லை. அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. வெற்றி என்று அவனுடைய சண்டைக் கணக்கு அட்டையில் எழுதினார்களா, முத்திரை குத்தினார்களா என்பதுதான் அன்றைக்கு என் கவலை. எனக்கு முன்னால் அந்த ஹோலில் பயிற்றுவித்தவர் போகும்போது எனக்குச் சொல்லிவிட்டுப் போன ஒரே உபதேசம், வீரனின் அட்டையில் தோல்வி விழாமல் பார்த்துக்கொள் என்பதுதான். அதை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் சொல்வதெல்லாம் சரியாக இருக்காது, தம்பிமாரே. நான் சொல்வதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான்கு சண்டை, நான்கு வெற்றி. பத்திரிகையில் ‘தோல்வியறியா மலையக மலை’ என்று படத்தோடு போட்டார்கள். அந்தத் துண்டை நான் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு அக்குறணையில் தேத்தண்ணிக் கடை கடையாகக் காட்டித் திரிந்தேன். மருதமுத்து அதை ஒருமுறை பார்த்துவிட்டு, “படத்துல கண்ணு மூடியிருக்குங்க” என்று திருப்பித் தந்துவிட்டான். பெருமையில் வீங்கியவன் நான்தான்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நகருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கம்பனியில் ஆட்களை வேலைக்குச் சேர்க்கும் ஆளணி அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கம்பனிக்கு ஒரு விளையாட்டுக் குழு இருந்தது. “தேசியப் போட்டியில் ஏதாவது ஒரு பதக்கம் வாங்கிவரட்டும். ஸ்டோரில் நிரந்தர வேலையும் குவார்ட்டர்ஸும் தருகிறேன்” என்றார். இரண்டு அறை, குசினி, வாசலில் தண்ணீர்க் குழாய்.

இது மருதமுத்துவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முந்திய இனக்கலவரத்தில் அவர்களுடைய லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பாதி எரிந்திருந்தது. மனைவியையும் கைக்குழந்தையையும் கொண்டு தேயிலைக்குள் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கூரை இல்லை. எரியாத பாதியில் இரண்டு குடும்பம் ஓர் அறையில் இருந்தார்கள். மகளுக்கு நாலு வயதாகியிருந்தது, பாடசாலையில் சேர்க்கும் காலம். வேலை கிடைத்தால் அவள் டவுன் பிள்ளையாகப் படிப்பாள். அவன் வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

தேசியப் போட்டிக்கான பெயர்கள் சேர்ந்துகொண்டிருந்தன. எங்கள் குத்துச்சண்டைச் சங்கத்தின் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் உத்தியோகம். அவர் விசாரித்துக்கொண்டு சந்தோஷமாக வந்தார்.

“ஐசே மாஸ்டர், ஹெவிவெயிட்டில ரெண்டே ரெண்டு பேர்தான். ஒருத்தன் ஆமிச் சார்ஜண்ட், போன முறை சம்பியன். மற்றது எங்கட ஆள். நேரே ஃபைனல். அவன் வந்தா எங்களுக்கு வெள்ளி, வராட்டி தங்கம். இதில யோசிக்க என்ன கிடக்கு?”

எனக்கும் யோசிக்க ஒன்றும் கிடக்கவில்லை. ரிங்கில் ஏறினாலே பதக்கம், பதக்கம் என்றால் வேலை. அன்றே படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்து மேசை மேல் வைத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் போட வேண்டும்.

புதன்கிழமை காலையில் மருதமுத்துவின் மனைவி பாக்கியம் ஹோலுக்கு வந்தாள். மடுல்கெல்லயிலிருந்து பஸ் பிடித்து, வத்தேகமையில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கொழுந்து எடுக்கிற வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டிருக்கிறாள். கணவனுக்குச் சொல்லவில்லை. நான் இருக்கச் சொன்ன கதிரையில் இருக்காமல் நின்றபடியே பேசினாள்.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளு மகள்.”

“எங்க வீட்டுக்காரர யாராச்சும் அடிச்சிருக்காங்களா?”

எனக்கு விளங்கவில்லை. நாலு சண்டையிலும் அவன்தான் வென்றான் என்று அட்டையை எடுத்துக் காட்டினேன். அவள் அட்டையைப் பார்க்கவேயில்லை.

“அதில்லீங்க. சின்னப் புள்ளையிலிருந்தே அவரு உருவத்துக்கு எல்லாரும் ஒதுங்கிருவாங்க. அவங்க அப்பாகூட அடிச்சதில்லையாம். கலவரத்துல கூட எங்களத் தூக்கிக்கிட்டு ஓடுனாரே தவிர யாரும் அவர் மேல கை வைக்கல்ல. கொழும்புல ஒரு ஆமிக்காரரோட ஏத்தப் போறீங்களாமே. அடிபட்டா இந்த மனுசன் என்ன செய்வாருன்னு எனக்கே தெரியாது. உங்களுக்காச்சும் தெரியுமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

எனக்குத் தெரியவில்லை, தம்பிமாரே. ஒன்பது மாதமும் அதற்கு மேலும் பழக்கிய எனக்குத் தெரியவில்லை. அவனோடு மோதிப் பழக அவனுடைய எடையில் ஹோலில் ஆளில்லை. சின்னப் பொடியன்மாரை விட்டு அவனுடைய தோளையும் வயிற்றையும் தட்டச் சொல்வேன். மற்ற நேரமெல்லாம் மணல் பை. மணல் பை யாரையும் திருப்பி அடித்ததில்லை. பாக்கியத்துக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்து, அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பின்னேரம் அவன் பயிற்சிக்கு வந்ததும் நானே கையுறை கட்டிக்கொண்டு ரிங்கில் ஏறினேன். அப்போது எனக்கு ஐம்பதை நெருங்கிய வயது, அறுபத்து மூன்று கிலோ. ஒரு போக்குக் காட்டிவிட்டு அவனுடைய மூக்கில் ஒன்று வைத்தேன். பெரிய அடியல்ல, கதவு தட்டுகிற அளவுதான். அவன் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டான். கைகளைக் கீழே விட்டுவிட்டு மூக்கைத் தடவினான். பிறகு என்னைப் பார்த்து, மனம் நொந்த குரலில், “ஏன் மாஸ்டர்?” என்றான்.

நான் கையுறையைக் கழற்றிவிட்டேன். அந்தச் சார்ஜண்டைப் பற்றி விசாரித்தேன். போன வருடம் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர். இப்போது லீவில் வீட்டில்தான் நிற்கிறார், கட்டாயம் வருவார் என்றார்கள். அடி எப்படி இருக்கும் என்றே தெரியாத ஒருவனை அப்படிப்பட்டவருக்கு முன்னால் நிறுத்தத்தான் நான் கையெழுத்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை படிவத்தை இரண்டாகக் கிழித்தேன்.

செயலாளர் குதித்தார். “நீர் ஆரப்பா அந்தப் பெடியன்ர சோத்தில மண்ணள்ளிப் போட? ஒரு ரவுண்டில விழுந்தாலும் வெள்ளி வெள்ளிதானே!”

மருதமுத்து குதிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவனிடம் வெற்றிகள் இருக்கின்றனவே தவிர அடி வாங்கிய சண்டை ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதும், கிழிந்த தாளைக் கையில் எடுத்துப் பொருத்திப் பார்த்தான்.

“வேல போயிருமே மாஸ்டர். ஆள் வராததுக்கு நான் என்னங்க செய்யிறது? நான் எல்லாத்துக்கும் வந்தேன்தானே?”

“நீ வந்தாய் மகன். பிழை என்ட. நான் சொல்றதக் கேளு. உனக்கு முதல்ல ஒரு சண்டை வேணும். உண்மையான ஒண்டு.”

அவன் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். போனாலும் சொன்ன திகதிக்கு வருவான் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளை.

நான் தேர்ந்தெடுத்த ஆள் பண்டார. சிறைச்சாலைக் காவலர், நாற்பத்தொரு வயது, தொண்ணூறு கிலோ, மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருக்கும். அவருடைய அட்டையில் வெற்றியைவிடத் தோல்விகள்தான் அதிகம். ஆனால் எல்லாத் தோல்வியும் மூன்று சுற்றும் நின்று வாங்கிய தோல்விகள். நான் போய்க் கேட்டபோது குவார்ட்டர்ஸ் முற்றத்தில் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு நின்றார். மெதுவாக அடிக்க வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். கொல்லவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம் என்றேன். சிரித்துவிட்டு, வருகிறேன் என்றார்.

எங்கள் ஹோலிலேயே ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் சிறிய போட்டி ஒன்றில் அதையும் சேர்த்து ஒழுங்கு செய்தேன். சனிக்கிழமை மத்தியானம் கொழும்பில் குண்டு வெடித்தது என்று வானொலி சொன்னது. பின்னேரம் கண்டியில் கடைகள் அடைபட்டுவிட்டன. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஊரடங்குச் சட்டம். பஸ் இல்லை. வெளியூர் ஆட்கள் வராததால் மற்றச் சண்டைகள் எல்லாம் தானாகவே நின்றுபோயின. மருதமுத்துவும் பாக்கியமும் மட்டும் சனிக்கிழமை காலையிலேயே வந்து கட்டுகஸ்தோட்டையில் அவளுடைய சித்தப்பா வீட்டில் நின்றார்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஹோலுக்கு நடந்து வந்துவிட்டார்கள்.

செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் கோழையல்ல. எண்பதுகளின் கலவரத்தில் வீட்டை இழந்தவர். “தமிழ்ப் பொடியனும் சிங்கள ஜெயில்காரனும் இண்டைக்கு அடிபடுறதோ? ஆராவது வெளியில கதை கட்டிவிட்டா என்ன நடக்கும்? உமக்கென்ன விசரே?”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

குறித்த நேரமான பத்து மணியும் ஆனது. பண்டாரவைக் காணவில்லை. பத்தே கால் ஆனது. செயலாளரின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. “அவன் வரமாட்டான். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்ல. வோக்கோவர் எண்டு எழுதிவிட்டு வீட்டை போவம். பொடியனுக்கு அஞ்சாவது வெற்றி” என்று பேனாவை எடுத்தார். மருதமுத்து ரிங்கில் ஏறி, கையுறையோடு, வழக்கம்போல வெறும் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்காவது தரமும் அந்தக் கையை வெறும் காற்றுக்கு எதிராகத் தூக்கிவிடப் போகிறோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்று கெஞ்சினேன்.

அப்போது கதவு தட்டுப்பட்டது. பண்டார சாரமும் சேட்டுமாக வியர்த்து ஒழுக நின்றார். சப்பாத்து ஒரு சந்தைப் பையில். பஸ் இல்லாததால் வாவியைச் சுற்றி நடந்தே வந்திருக்கிறார். வழியில் இரண்டு இடத்தில் சோதனைச் சாவடி. எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு அடிபடப் போகிறேன் என்று சொன்னாராம், அவர்கள் சிரித்துவிட்டு விட்டார்களாம்.

ஜன்னல்களைச் சாத்தினோம். பதினொரு பேர் பார்வையாளர்கள், பாக்கியத்தையும் சேர்த்து. ஒலிபெருக்கி வேண்டாம், மணி வேண்டாம் என்று தீர்மானித்தேன். மணிக்குப் பதிலாக வாங்கில் கையால் தட்டினோம். நிறுத்துவதா, நடத்துவதா என்ற கேள்விக்கு என் பதில் சரியா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. உங்களுக்கு அப்படி ஒரு காலை வரக்கூடாது. வந்தால் இரண்டு வீரர்களையும் தனித்தனியே கேளுங்கள். நான் கேட்டேன். இரண்டு பேருமே, “வந்தாச்சுத்தானே” என்றார்கள், ஒருவர் சிங்களத்தில், ஒருவன் தமிழில்.

முதல் சுற்றில் ஒரு நிமிடம் மருதமுத்து வழக்கம்போலத் தள்ளினான். பண்டார தள்ளவிட்டார். பிறகு அந்த நீண்ட கைக்கு அடியில் புகுந்து வலது கையால் முகத்தில் ஒன்று கொடுத்தார். சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மருதமுத்து கண்ணை மூடினான், கையை விட்டான், என் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. இரண்டாவது அடியில் ஒரு முழங்காலில் விழுந்தான். நடுவர் சிங்களத்தில் எண்ணத் தொடங்கினார். வெளியே வீதியில் பொலிஸ் ஜீப் ஒன்று ஊரடங்கு நேரத்தை அறிவித்துக்கொண்டு போனது. பாக்கியம் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு இருந்தாள், எழும்பவில்லை. எட்டில் அவன் எழும்பினான்.

இரண்டாம் சுற்று முழுக்க வாங்கினான். துவாய் என் கையில் இருந்தது. ரிங்குக்குள் எறிந்துவிட்டால் தோல்வி என்று சண்டை முடிந்துவிடும். நான் எறியாததற்கு ஒரே காரணம், அவன் அடிபடும்போது கண்ணை மூடுவது மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்ததுதான். எண்ணிக்கொண்டே இருந்தேன். ஆறாவது அடிக்குக் கண் திறந்தே இருந்தது. மூலைக்கு வந்து இருந்தபோது உதட்டில் இரத்தம்.

“நிப்பாட்டவா மகன்?”

“வேணாம் மாஸ்டர். கண்ணத் தொறந்து பாத்தா, எங்கேருந்து வருதுன்னு தெரியுதுங்க.”

மூன்றாம் சுற்றில் அவன் தள்ளவில்லை. பண்டாரவின் வலது கை வருவதைப் பார்த்து ஒதுங்கி, விலாவில் இடது கையை இறக்கினான். முதல் தடவையாக அவனுடைய அடியின் சத்தத்தை நான் கேட்டேன். இன்னும் இரண்டு இறக்கினான். ஆனால் இரண்டு சுற்றின் கணக்கு எங்கே போகும்? புள்ளிகளில் தோல்வி. அட்டையில் எழுதினோம். பண்டார விலாவைப் பிடித்துக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினார். “நாளைக்கு எனக்குக் காலை டியூட்டி, இந்த மல்லி என்னை நிற்கவிடமாட்டான் போலிருக்கிறதே” என்று மருதமுத்துவைத் தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து, ஊரடங்கு தொடங்குவதற்குள் நடந்து போய்விட்டார். எங்களால் யாருக்கும் ஒரு கரைச்சலும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் பெரிய மேதாவி. மூன்று கிழமைக்குப் பிறகு தேசியப் போட்டி நடந்தது. கட்டாயம் வருவார் என்று சொன்ன அந்தச் சார்ஜண்ட் வரவில்லை. லீவை ரத்துச் செய்து திடீரென்று வடக்கே கூப்பிட்டுவிட்டார்களாம். ஹெவிவெயிட்டில் ரிங்கில் ஏற ஒருவருமில்லை, தங்கம் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது. படிவத்தை மட்டும் போட்டிருந்தால் மருதமுத்து மூன்று நிமிடம் நின்றுவிட்டுத் தேசிய சம்பியனாக இறங்கியிருப்பான். செய்தியைக் கொண்டுவந்த செயலாளர், “இப்ப சந்தோசமே?” என்று மட்டும் கேட்டார். அந்தச் சார்ஜண்ட் அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் வரவில்லை. என்ன ஆனார் என்று கேட்டறிய எனக்குத் துணிவு வரவில்லை.

வேலை என்ன ஆனது என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் மேலே போனால் நீங்கள் ஒழுங்காகக் கேட்கமாட்டீர்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் தேசியப் போட்டியில் ஐந்து பேர் இருந்தார்கள். மருதமுத்து ஒருவரை அடித்து வென்று, அடுத்தவரிடம் மூன்று சுற்றும் நின்று தோற்று, வெண்கலம் வாங்கினான். அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஸ்டோரில் சேர்ந்து, பிறகு ஸ்டோர் பொறுப்பாளராகி, ஓய்வும் பெற்றுவிட்டான். மகள் டவுனில் படித்தாள், இப்போது ஆசிரியை. நான் சொன்னால் கேட்காத என் பேரப்பிள்ளைகள் அவள் சொன்னால் கேட்கிறார்கள். ஒரு வருடம் பிந்தியதுதான் நட்டம். அந்த ஒரு வருடமும் அவர்கள் அந்த ஓர் அறையில் இருந்தது என் தீர்மானத்தால்தான். அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிந்திய கதை. சார்ஜண்ட் வராத அந்தக் கிழமையில் இது எதுவும் எனக்குத் தெரியாது. தோட்டத்தில் எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள் என்று பெரிய கிளாக்கர் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு மருதமுத்து மூன்று ஞாயிறு பயிற்சிக்கு வரவில்லை. இனி வரமாட்டான் என்று முடிவு செய்துவிட்டேன். மற்றப் பிள்ளைகளிடம் எரிந்து எரிந்து விழுந்தேன். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

நாலாவது ஞாயிறு காலை அவன் வாசலில் குனிந்து நுழைந்தான். நான் எழும்பி நின்றுவிட்டேன்.

“உன்ட தங்கத்த நான்தான் இல்லாமலாக்கிட்டேன் மகன்” என்றேன். வேறென்ன சொல்வது?

“லயத்துலயும் அப்படித்தான் சொல்றாங்க” என்றான். வாங்கில் உட்கார்ந்தான். “எனக்கும் உங்க மேல கோவந்தான் மாஸ்டர். பொய் சொல்லல்ல. இங்க வந்து கேட்டத பாக்கியமே சொன்னா, அவ மேலயும் கோவம். ஆனா பெட்டி தூக்கையில அந்தத் தங்கம் ஞாபகத்துக்கு வரல்லீங்க. ஜெயில் ஐயாதான் வர்றாரு.”

நான் பிளேன்டீ ஒன்று ஊற்றி அவன் பக்கத்தில் வைத்தேன்.

“மைக்குல அத்தன பேரோட பேரக் கூப்பிட்டாங்க. ஒருத்தரும் வரல்ல. அவரு ஊரே அடைச்சுக் கெடந்த நாள்ல, சப்பாத்தப் பையில போட்டுக்கிட்டு, அம்புட்டுத் தூரம் நடந்து வந்தாரு. என்னைய அடிக்கத்தான் வந்தாரு. இருந்தாலும் வந்தாருல்ல மாஸ்டர்?” என்றான். பிறகு, “அவரோடயே இன்னொரு தடவ போடுங்க. ரெண்டாவது ரவுண்டுல நான் எங்க விட்டேன்னு இப்பத்தான் புரியுது.”

அதுவரை அவனுடைய சண்டைகளை எல்லாம் நான்தான் தீர்மானித்தேன். மேசை லாச்சியை இழுத்து நாட்காட்டியை வெளியே எடுத்தேன். அவன் கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். பௌர்ணமி விடுமுறையான போயா விழாத, பண்டாரவுக்கு டியூட்டி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை இரண்டு பேருமாகச் சேர்ந்து தேடினோம்.